8 ஜிபி சிப், அஞ்சாறு வருஷம்... பில் யார் கட்டுறது?

இந்த இதழில் ஒரு கார் ரிப்பேரைப் பற்றிப் படிக்கப் போறோம். மோட்டார் இல்லை, பேட்டரியும் இல்லை. காருக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர். அதிலும் விரல் நகம் அளவுக்கு ஒரு மெமரி சிப். அது தேய்ந்து போனதால் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கார்க்காரர்கள் கைக்காசு போட்டு ரிப்பேர் பார்த்தார்கள். அப்புறம் அந்தக் காசைத் தயாரிப்பாளரிடமே திரும்பக் கேட்க ஒரு வழி பிறந்தது. அது எப்படி என்பதுதான் இன்றைய பாடம். ஈசிஇ, சிஎஸ்இ ஆளுங்களுக்கு முதல் பாதி தண்ணி பட்ட பாடு. இரண்டாம் பாதி நம்ம சிலபஸில் எங்கேயும் இல்லை. அதனாலேயே கொஞ்சம் நிதானமா எழுதுறேன்.

கார், டெஸ்லாவின் மாடல் எஸ், மாடல் எக்ஸ். டேஷ்போர்டு நடுவில் பெரிய டச் ஸ்கிரீன் இருக்கும். ஏசி, பாட்டு, மேப், பின்பக்கக் கேமரா எல்லாம் அதுக்குள்ளதான். அந்த ஸ்கிரீனை ஓட்டுகிற கம்ப்யூட்டருக்கு மீடியா கன்ட்ரோல் யூனிட் என்று பெயர், சுருக்கமா எம்சியு. 2018 தொடக்கம் வரை வந்த கார்களில் இதற்குள் என்விடியாவின் டெக்ரா 3 பிராசஸரும், பக்கத்தில் 8 ஜிபி இஎம்எம்சி மெமரியும் இருந்தன. இஎம்எம்சி என்பது நம்ம போன்களில் இருக்கிற அதே வகை ஃபிளாஷ் மெமரிதான். போர்டில் சால்டர் செய்திருப்பார்கள். கழற்றி மாட்ட முடியாது.

ஃபிளாஷ் மெமரிக்கு ஒரு குணம் உண்டு. எழுதினதுக்கு மேலேயே திரும்ப எழுத முடியாது. முதலில் ஒரு பிளாக்கை மொத்தமா அழிக்கணும், பிறகுதான் எழுதணும். ஒவ்வொரு தடவை அழிக்கும்போதும் எழுதும்போதும் மெல்லிய ஆக்ஸைடு படலத்துக்குள்ளே எலெக்ட்ரான்களைப் புகுத்தி எடுக்கிறோம். படலம் கொஞ்சம் கொஞ்சமா கெடும். பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்து, அதே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் நோட்டுத்தாள் ஒரு நாள் கிழியுமே, அப்படித்தான். படிக்கிறதால் பெரிய பாதிப்பு இல்லை. எழுதி அழிப்பதுதான் ஆயுளைத் தின்னும்.

இந்தச் சிப்பின் ஆயுள் ஒரு பிளாக்குக்கு 3,000 முறை என்பது கணக்கு. அமெரிக்க அரசு விசாரணையில் பேசப்பட்ட பயன்பாட்டு வேகம், ஒரு பிளாக்குக்கு ஒரு நாளில் 1.4 முறை. வகுத்துப் பாருங்க: 3,000 ÷ 1.4 = சுமார் 2,143 நாள். வருஷமாக்கினால் 5.9. அதாவது அஞ்சாறு வருஷத்தில் சிப் தன் பங்கை முடித்துக்கொள்ளும்.

இன்னொரு பக்கமா யோசிங்க. 8 ஜிபியை நாளைக்கு 1.4 தடவை நிரப்புவது என்றால் தினமும் 11 ஜிபிக்கு மேல் எழுதுவது. பாட்டுக் கேட்டு மேப் பார்க்கிற கருவி எதுக்கு அவ்வளவு எழுதுது? கார் கம்ப்யூட்டர்களைத் தனியாக ரிப்பேர் செய்கிற ஆட்கள் 2019-லேயே இதைக் கவனித்துச் சொன்னார்கள்: லினக்ஸ் சிஸ்டம் தன் லாக் குறிப்புகளை அந்தச் சிப்பிலேயே ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தது. புராஜெக்டில் ராஸ்பெர்ரி பை வைத்து சென்சார் டேட்டாவை வினாடிக்கு ஒருமுறை எஸ்டி கார்டில் எழுத வைத்தவர்களுக்கு இது புரியும். கார்டு போச்சுன்னா நூறு இருநூறு ரூபாயோடு போச்சு. காரில் அப்படி இல்லை.

சிப் போனால் என்ன ஆகும்? கார் ஓடும், பிரேக் பிடிக்கும். ஆனா ஸ்கிரீன் முதலில் திணறும், தானே ரீஸ்டார்ட் ஆகும், ஒரு நாள் கறுப்பாகிவிடும். ரிவர்ஸ் எடுக்கும்போது கேமரா வராது. கண்ணாடியில் பனி படிந்தால் அதை நீக்கும் சுவிட்சும் ஸ்கிரீனுக்குள்ளதான் இருக்கு, அதுவும் கிடையாது. இண்டிகேட்டர் போட்டால் வரும் டிக் டிக் சத்தம்கூட நின்றுவிடும். குளிர் நாட்டில் முன்கண்ணாடி மூடிக்கொள்வது சின்ன விஷயம் இல்லை என்பதை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க. பின்னாடி இதுதான் வழக்கையே திருப்பப் போகுது.

இப்போ வாரண்டியைப் பாருங்க. டெஸ்லாவின் அடிப்படை வாரண்டி 4 வருஷம் அல்லது 50,000 மைல். சிப்பின் ஆயுள் அஞ்சாறு வருஷம். நடுவில் ஒரு பள்ளம் தெரியுதா? அதில் விழுந்தவர்கள்தான் கைக்காசு போட்டவர்கள். சிப் மட்டும் பார்த்தால் விலை சொற்பம். ஆனா சால்டர் செய்த சிப் என்பதால் சர்வீஸ் சென்டரில் யூனிட்டையே மாற்றுவார்கள். பில் ஆயிரம் டாலரைத் தாண்டிப் போகும். விசாரணைக்காக டெஸ்லா கொடுத்த கணக்கில் எம்சியு மாற்றியது வாரண்டிக்குள் 7,777, வாரண்டிக்கு வெளியே 4,746. அந்த இரண்டாவது எண்ணில்தான் நம்ம கதை இருக்கு.

விசாரித்தது அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், என்எச்டிஎஸ்ஏ. 2020 ஜூனில் முதல்கட்ட விசாரணை. நவம்பரில் அது பொறியியல் ஆய்வு என்கிற அடுத்த கட்டத்துக்குப் போனது. அதே நவம்பரில் டெஸ்லா, இந்தச் சிப் கோளாறுக்கு மட்டும் வாரண்டியை 8 வருஷம் அல்லது 1,00,000 மைல் என்று நீட்டியது. முன்பே காசு கொடுத்து மாற்றியவர்கள் திரும்பக் கேட்கலாம் என்றும் சொன்னது. 2021 ஜனவரி 13 அன்று நிர்வாகம் கடிதம் எழுதியது: வாரண்டி நீட்டிப்பு போதாது, ரீகால் செய்யுங்கள். அந்த மாதக் கடைசியில் டெஸ்லா ஒத்துக்கொண்டது. 2012 முதல் 2018 வரையிலான மாடல் எஸ், 2016 முதல் 2018 வரையிலான மாடல் எக்ஸ், மொத்தம் 1,34,951 கார்கள். 8 ஜிபி சிப்புக்குப் பதில் 64 ஜிபி சிப், இலவசமாக.

இதில் சுவாரசியமான வாதம் ஒன்று நடந்தது. டெஸ்லா ரீகாலுக்கு ஒத்துக்கொண்டாலும், இது குறைபாடு என்பதை ஒத்துக்கொள்ளவில்லை. ஃபிளாஷ் மெமரி தேயும் பொருள். காரின் முழு ஆயுளுக்கும் அது உழைக்கணும்னு எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்து வராது என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமா தெரியும். டயர் தேயுது, பிரேக் பேட் தேயுது, அதுக்கெல்லாம் யாராவது கம்பெனியிடம் காசு கேட்கிறோமா?

என் கருத்தைக் கேட்டால், டயர் உவமை இங்கே பொருந்தாது. டயர் தேய்வது கண்ணுக்குத் தெரியும். எப்போ மாற்றணும்னு புத்தகத்தில் இருக்கும். தெருமுனைக் கடையிலும் மாற்றலாம். இந்தச் சிப் தேய்வது ஓட்டுகிறவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவரால் மாற்ற முடியாது. முக்கியமா, எவ்வளவு வேகமா தேயணும்னு முடிவு செய்வது ஓட்டுநரின் கால் இல்லை, கம்பெனியின் சாஃப்ட்வேர். லாக்கை எழுத வைத்தவர் ஒருவர், பில் கட்டியவர் இன்னொருவர். நிர்வாகம் இந்தத் தத்துவத்துக்குள் எல்லாம் போகவில்லை. கேமராவும் கண்ணாடிப் பனி நீக்கியும் போனால் விபத்து அபாயம், ஆகவே பாதுகாப்புக் குறைபாடு என்றது. அந்த ஒரு சொல்தான் பழைய பில்களுக்கு உயிர் கொடுத்தது.

ஏன்னா, வாரண்டி நீட்டிப்பு கம்பெனி தானா முன்வந்து தருவது; நிபந்தனைகளும் கம்பெனி போடுவதுதான். சிப் கெட்டால்தான் மாற்றுவாங்க. பாதுகாப்புக் குறைபாட்டுக்கான ரீகால் அப்படி இல்லை. கெடாத காருக்கும் மாற்றணும். கூடவே, அறிவிப்புக்கு முன்னாடியே சொந்தச் செலவில் சரி செய்தவருக்குக் காசைத் திருப்பித் தருவது சட்டக் கடமை.

இந்தக் கடமை வந்தது 2000-ல், டிரெட் சட்டம் வழியாக. ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து பலர் இறந்தபின் வந்த சட்டம் அது. அதற்கு முன் ஒரு விநோதம் இருந்தது. கோளாறு தெரிந்ததும் உடனே சரி செய்தவருக்குச் செலவு அவருடையது. ரீகால் வரும்வரை அப்படியே ஓட்டியவருக்கு இலவசம். பொறுப்பா இருந்தவருக்கு அபராதம் மாதிரி. டிரெட் சட்டமும், 2002-ல் வந்த விதியும் இதைத்தான் மாற்றின. ரீகால் கடிதத்திலேயே, முன்பு செலவு செய்தவர்கள் காசைக் கேட்கலாம் என்று எழுதணும்.

சரி, கேட்கிறவர் என்ன கொடுக்கணும்? பெயர், முகவரி. வண்டியின் மாடல், வருஷம், விஐஎன் எனும் 17 இலக்க வண்டி எண். எந்த ரீகால் என்ற அடையாளம். நம்ம உதாரணத்துக்கு அது 21வி-035. ரிப்பேர் நடந்தபோது வண்டி யார் பெயரில் இருந்தது என்ற விவரம். காசு கட்டியவர்தான் கேட்கலாம், இப்போ செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருப்பவர் இல்லை. கடைசியா ரசீது. நகல் போதும். கம்பெனியின் சர்வீஸ் சென்டர் பில்தான் வேணும்னு விதி சொல்லலை, வெளிக்கடை பில்லும் செல்லும். வாரண்டி காலத்துக்குள்ளேயே காசு கொடுத்திருந்தால் மட்டும் கூடுதலா ஒண்ணு வேணும்: வாரண்டியில் செய்து தர மறுத்தாங்க, அல்லது செய்தும் சரியாகலை என்பதற்கான ஆதாரம்.

ரசீதில் என்ன எழுதியிருக்கு என்பது ரொம்ப முக்கியம். "ஸ்கிரீன் பிரச்சினை சரி செய்யப்பட்டது" என்று ஒரு வரி இருந்தால், அது இந்தச் சிப்புக்கான வேலைதான்னு எப்படி நிரூபிப்பீங்க? வேறு கோளாறுக்கான செலவு இதில் சேராது. "எம்சியு மாற்றம், காரணம் இஎம்எம்சி பழுது, பாகம் இவ்வளவு, கூலி இவ்வளவு" என்று பிரித்து எழுதிய பில் இருந்தால் பேச்சே இல்லை.

எவ்வளவு கிடைக்கும்? இரண்டு தொகையை ஒப்பிடணும். ஒன்று, நீங்க கட்டியது. மற்றொன்று, அந்தச் சரிசெய்தலுக்குத் தேவையான பாகத்தின் விலை, உள்ளூர்க் கூலி, கழிவு அகற்றும் கட்டணம் போன்ற சில்லறைச் செலவு, வரி ஆகியவற்றின் கூட்டு. இதில் எது குறைவோ அதையாவது தரணும். உதாரணத்துக்கு, கற்பனைக் கணக்குதான்: ஒருவர் 2,000 டாலர் கட்டியிருக்கார், நியாயமான பாகமும் கூலியும் வரியும் சேர்ந்து 1,700 என்றால் 1,700 தந்தால் விதிப்படி போதும். வண்டியை இழுத்துப் போன செலவும், வாடகைக்கு எடுத்த காரும், லீவு போட்ட நாளும் அந்தக் கூட்டலில் இல்லை. எனக்கு இது குறையாத்தான் படுது.

விண்ணப்பம் வந்தால் 60 நாளுக்குள் கம்பெனி பதில் சொல்லணும். காகிதம் குறைந்தால் எது குறையுதுன்னு சொல்லணும். மறுத்தால் காரணத்தைத் தெளிவா எழுதித் தரணும். "உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது, நன்றி" என்று முடிக்க முடியாது.

ஒரு பொறி இருக்கு, கவனிங்க. எவ்வளவு பழைய பில் வரைக்கும் செல்லும்? பொறியியல் ஆய்வு தொடங்கிய நாள், அல்லது கம்பெனி அரசுக்குக் குறைபாட்டை அறிவித்த நாளுக்கு ஒரு வருஷம் முன், இதில் எது முந்தியதோ அந்த நாளுக்குப் பின் செய்த ரிப்பேர்களைக் கட்டாயம் ஏற்கணும். நம்ம கதையில் ஆய்வு 2020 நவம்பர். அறிவிப்பு 2021 ஜனவரி, அதற்கு ஒரு வருஷம் முன் என்றால் 2020 ஜனவரி. அதுதான் முந்தியது. அப்போ 2018-லோ 2019-லோ காசு கட்டியவர்? சட்டத்தின் குறைந்தபட்ச எல்லைக்குள் அவர் வரமாட்டார். கம்பெனி தன் திட்டத்தில் எல்லையைப் பின்னுக்கு நகர்த்தினால்தான் உண்டு. முதலில் கெட்ட கார், முதலில் சத்தம் போட்ட ஆள், அவருக்குத்தான் சட்டத்தின் கை எட்டாது. மறுமுனையில், கடைசி ரீகால் கடிதம் போன நாளிலிருந்து 10 நாள் வரை செய்த ரிப்பேருக்கே இந்தக் கடமை பொருந்தும். அதுக்கப்புறம் இலவசமா மாற்றித் தரும்போது நீங்க ஏன் வெளியே காசு கொடுத்தீங்கன்னு கேட்பாங்க.

இனி ஒரு பயிற்சிக் கணக்கு. ஒரு ஸ்கூட்டர் கம்பெனிக்கு டிஸ்பிளே போர்டு டிசைன் செய்றீங்க. 16 ஜிபி இஎம்எம்சி, ஆயுள் 1,000 முறை. உங்க சாஃப்ட்வேர் தினமும் 4 ஜிபி எழுதச் சொல்லுது. சிப் தன் உள்வேலைக்காக அதை மூன்று மடங்காக்கி எழுதுது. வாரண்டி 3 வருஷம்.

அ) சிப் எத்தனை நாள் தாங்கும்?
ஆ) லாக் எழுதுவதைப் பாதியாக்கினால்?
இ) அதே சாஃப்ட்வேர், ஆனா 64 ஜிபி சிப் போட்டால்?
ஈ) வாரண்டி முடிந்து எட்டாம் மாதம் ஸ்பீடோமீட்டர் கறுப்பாகி வர்றவருக்கு உங்க சர்வீஸ் சென்டர் என்ன பில் போடணும்? இரண்டு வரியில் காரணத்தோடு எழுதி, இதழின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்க. முதல் மூன்றுக்கு விடை அடுத்த இதழில். நாலாவதுக்கு நீங்க எழுதினதையே போடுறோம்.