போட்டி அடுப்பு மூட்டப்போகும் கிள்ளான் வாசகிக்கு

அன்புள்ள வாசகிக்கு,

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் நீங்கள் சுட்ட கோழியை எல்லாரும் புகழ்ந்தார்கள், அடுத்து பார்பிக்யூ போட்டியில் இறங்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த அடுப்பு வாங்கலாம், எந்த மசாலா எடுபடும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் பசியோடு வந்தவர்கள், உங்களைப் பிடித்தவர்கள். போட்டி நடுவரோ ஒரு வாய் கடிப்பார், மிஞ்சினால் இரண்டு. கறியை வைத்து நடுவருக்கு அனுப்பும் பெட்டியில் உங்கள் பெயர் இருக்காது, ஒரு எண்தான் இருக்கும்.

இந்த விளையாட்டின் விதிகளை 1980களில் அமெரிக்காவில் தொடங்கிய கன்சாஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டியிடமிருந்து படிப்பதே நல்லது. உள்ளூர்ப் போட்டி வேறு விதி வைத்தாலும் அடித்தளம் புரிந்துவிடும். ஒரு மேசைக்கு ஆறு நடுவர்கள். தோற்றம், சுவை, மென்மை என்ற மூன்றுக்கும் 9 முதல் 2 வரை மதிப்பெண் போடுவார்கள். 1 போட்டால் தகுதி நீக்கம் என்று பொருள். மொத்தத்தில் பாதிக்கு மேல் சுவைக்கே போகிறது, அடுத்து மென்மை, தோற்றத்துக்கு ஏழில் ஒரு பங்குதான். ஆறு பேரில் குறைவாகப் போட்டவரின் மதிப்பெண்ணைக் கழித்துவிடுவார்கள். முழு மதிப்பெண் 180.

நம் கை தடுமாறும் இடங்கள் இந்த விதிகளுக்குள் சில உண்டு. பச்சைக் கறியை, உப்புக்கூடப் போடாமல், போட்டித் திடலில் பரிசோதகரிடம் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மசாலாவில் கை வைக்கலாம். வீட்டிலேயே தயிரும் மஞ்சளும் போட்டு ஊறவைத்துத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பெட்டிக்குள் குச்சி இருக்கக்கூடாது. குச்சியில் கோத்துச் சுடும் சாத்தே ஊரில் பிறந்தவர்களுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். கறிக்குப் பக்கத்தில் வெள்ளரியும் வெங்காயமும் வைத்தால் தோற்றத்தில் அடி விழும். ஆனால் கொத்துமல்லித் தழைக்கு அனுமதி உண்டு! எரிவாயு அடுப்பும் கூடாது. விறகு, கரி, மரத்தூள் உருண்டை, இவ்வளவுதான்.

நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வழக்கமான அட்டவணையில் கோழி 12 மணிக்கு, பன்றி விலா 12.30க்கு, பன்றித் தோள்பகுதி 1 மணிக்கு, மாட்டின் மார்க்கண்டமான பிரிஸ்கெட் 1.30க்கு. குறித்த நேரத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் சலுகை. அதைத் தாண்டினால் உலகத்திலேயே சிறந்த கோழியானாலும் செல்லாது. “இன்னும் பத்து நிமிஷத்துல சாப்பாடு ரெடி” என்று ஒன்றரை மணி நேரம் விருந்தாளிகளை உட்காரவைக்கும் நம் வீட்டுப் பழக்கம் முதலில் போக வேண்டும். அதனால் முதல் பயிற்சி கடிகாரத்தோடுதான். பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு, பின்னோக்கி எண்ணி எப்போது கரி மூட்டுவது என்று எழுதிவைத்துச் சுடுங்கள்.

அப்பா மாட்டிறைச்சியை வாசற்படி தாண்ட விடமாட்டார் என்கிறீர்கள். அவரை மாற்ற முயலாதீர்கள். சமைப்பவர் ருசி பார்க்காத கறியைப் போட்டிக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. தவிர, நம் நாட்டில் ஹலால் திடலில் பன்றியும் இருக்காது, ஆகவே அமெரிக்கப் பட்டியலில் பாதி தானாகவே கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது கோழி. அதோடு ஆடு. ஆஸ்திரேலியப் போட்டிகளில் ஆட்டிறைச்சிக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். ஆட்டின் தோள்பகுதியை மெல்லிய சூட்டில் பல மணி நேரம் விட்டு, உட்சூடு 93 டிகிரியைத் தொடும்போது எடுத்துப் பாருங்கள், நார் நாராகப் பிரியும். தசையைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் அந்த அளவு சூட்டில், அவ்வளவு நேரம் இருந்தால்தான் கரையும். நடுவழியில், 65 முதல் 75 டிகிரிக்குள், வெப்பமானி முள் நகராமல் நின்றுவிடும். கறியின் ஈரம் ஆவியாகிக் கறியையே குளிரவைப்பதால் வரும் தேக்கம் அது. பதறிக் கரியை அள்ளிக் கொட்டாதீர்கள்.

கரி விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். பேராக்கில் கோல சப்பெத்தாங்கில், மாத்தாங் சதுப்புநிலக் காட்டு பக்காவ் மரத்தைக் குவிமாடச் சூளையில் வேகவைத்து எடுக்கும் கரி கெட்டியானது, நின்று எரிவது. புகைக்கு நன்றாகக் காய்ந்த மாங்கிளை, ரம்புத்தான் கிளை போதும். மரச்சாமான் தொழிற்சாலையில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று ரப்பர் பலகைத் துண்டுகளை எடுத்துவராதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்க அதில் போரான் ஏற்றியிருப்பார்கள்.

ரப்பர் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. காப்பார், பந்திங் பக்கத்துத் தோட்டங்களில் உங்கள் தாத்தா பாட்டி யாராவது வேலை பார்த்திருந்தால், பால் உறையவைத்து, ஷீட்டாக உருட்டி, மூங்கிலில் தொங்கவிட்டு, புகைக் கொட்டகையில் நாட்கணக்கில் வாட்டியதைப் பார்த்திருப்பார்கள். சூடு ஐம்பது, அறுபது டிகிரிக்குள் நிற்க வேண்டும். மீறினால் ஷீட்டில் கொப்புளம் விழும். பிறகு கண்ணால் பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பார்கள். மெல்லிய சூட்டில் புகையை நாள் முழுக்கக் காவல் காத்த ஒரு சமூகம், பார்பிக்யூ தனக்கு அந்நியம் என்று நினைப்பதுதான் எனக்கு வியப்பு. நெகிரி செம்பிலானில் வாத்தையும் மாட்டிறைச்சியையும் புகையில் வாட்டி, அந்தச் சாலாய் கறியைக் குழம்பு வைக்கிறார்கள். ஒரு தடவை போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள், புகை எவ்வளவு போதும் என்று நாக்குக்குத் தெரியும். வெள்ளையாகக் குமுறும் புகை கசக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போகும் மெல்லிய நீலப் புகைதான் வேண்டும்.

இனி கோழி. நெஞ்சுக்கறியை விடுங்கள், தொடையை எடுங்கள். 74 டிகிரி பாதுகாப்புக்கு. தொடைக்கு எண்பதுக்கு மேல் போனால்தான் பதம். சிக்கல் எல்லாம் தோலில். நடுவர் கடிக்கும்போது தோல் முழுசாகக் கழன்று வந்துவிடக்கூடாது. தோலை உரித்து, உட்புறக் கொழுப்பைக் கத்தியால் சுரண்டி, மறுபடி போர்த்திச் சுடுகிறார்கள் பழகிய அணியினர். சலிப்பான வேலை, ஆனால் செய்யுங்கள். ஆறு துண்டும் ஒரே அளவில் இருக்கட்டும். மசாலாவில் நம் கை தாராளம்: பட்டை, கிராம்பு, சோம்பு எல்லாம் சேர்ந்து புகையை அமுக்கிவிடும். மிளகும் மல்லியும் உப்பும் வைத்துத் தொடங்குங்கள்.

பிறகு உங்களைத் தெரியாத ஆறு பேருக்குக் கொடுங்கள். இங்கே பிரிக்ஃபீல்ட்ஸில் அப்படி ஆறு பேரை நான் திரட்டித் தருகிறேன், நாக்கு நீளமானவர்களாகவே பார்த்து. ஆனால் நீங்கள் கோழியைக் கொமுட்டர் ரயிலில் ஏற்றிக்கொண்டு வர வேண்டாம், கேஎல் சென்ட்ரல் வருவதற்குள் தோல் நமுத்துவிடும். நாங்கள் கிள்ளானுக்கு வருகிறோம்.

அடுப்பைப் பற்றி: இருக்கிற உருண்டை மூடி அடுப்பே போதும். கரியை ஒரு ஓரம், கறியை மறு ஓரம் வைத்து 110 முதல் 135 டிகிரிக்குள் நான்கு மணி நேரம் நிறுத்தத் தெரிந்தபின் பெரியது வாங்கலாம். பணம் மிஞ்சினால் நல்ல வெப்பமானி இரண்டும், மழைக்கு உறுதியான கூடாரம் ஒன்றும் வாங்குங்கள். மாலை மழை உங்கள் அட்டவணையைக் கேட்டுக்கொண்டு வராது.

பதிவுக் கட்டணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: திடல் ஹலாலா, கோழிப் பிரிவில் மட்டும் சேரலாமா, கறி அவர்கள் தருவார்களா நாம் கொண்டுவர வேண்டுமா. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து உங்கள் கட்டுரையாளர்