பெருமிருக வேட்டைக்குரிய தோட்டா: சுவீடன் தேசத்து முறை

சுவீடன் தேசத்தில் நிலத்துக்கு உடையவரே அந்நிலத்தில் வேட்டையாடும் உரிமைக்கும் உடையவராவர். ஆகையால் அங்கே தானியமும் பைன் மரமும் வளர்க்கும் குடியானவர் பலர், இலையுதிர்காலம் வந்ததும் அயலாருடன் கூட்டுச் சேர்ந்து மூஸ் வேட்டைக்குச் செல்கின்றனர். மூஸ் என்பது மான் இனத்தில் யாவற்றினும் பெரியது. வளர்ந்த கிடா 400 கிலோகிராமுக்கு மேலும் நிறுக்கும். பனிக்காலத்தில் இப்பிராணி பைன் கன்றுகளின் நுனிக் கொழுந்தைக் கடித்துத் தின்பதால், கன்றுகள் கோணியும் முறிந்தும் நல்ல மரத்துக்கு உதவாமற் போகின்றன. 1982-ஆம் வருஷத்தில் மட்டும் சுமார் 1,74,000 மூஸ்கள் சுடப்பட்டன. இத்தனை பிராணிகளைச் சாதாரண ஜனங்களே சுடுமிடத்து, தகாத தோட்டாவினால் காயம்பட்டு, சாகாமல் காட்டிற்குள் ஓடித் துன்புறுபவை எத்தனையாகும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதனாலேயே அத்தேசத்துச் சட்டம், தோட்டாவின் பெயரையோ விலையையோ நோக்காது, குண்டின் எடையையும் அது 100 மீட்டர் தூரத்தில் தாங்கிச் செல்லும் சக்தியையும் அளவாகக் கொண்டுள்ளது. குண்டு 9 கிராமுக்குக் குறையாதிருந்தால் 2,700 ஜூல் சக்தி வேண்டும். 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 2,000 ஜூல் போதும். (10 கிராம் என்பது பழைய ரூபாயெடைக்குச் சற்றுக் குறைவு.) அன்றியும், உடலுட் புகுந்தபின் நுனி விரியும் குண்டே மூஸுக்கு விதிக்கப்பட்டுள்ளது.

சக்தியைக் கணக்கிடும் வகை எளிது. குண்டின் எடையைக் கிலோகிராமிலும், வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றும் கொண்டு, வேகத்தை வேகத்தாற் பெருக்கி, அதனை எடையாற் பெருக்கிப் பாதியாக்கினால் ஜூல் கிடைக்கும். 1894-இல் சுவீடன், நார்வே படைகளுக்கென ஏற்பட்டு, பின் வேட்டைக்காரரிடம் பெரிதும் பரவிய 6.5×55 என்னும் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதில் 9.1 கிராம் குண்டு 100 மீட்டரில் விநாடிக்கு 740 மீட்டர் வேகத்தில் செல்வதாயின், சக்தி ஏறக்குறைய 2,490 ஜூல்; சட்டத்திற்குப் போதாது. அதே தோட்டாவில் 10.1 கிராம் குண்டு 700 மீட்டர் வேகத்தில் செல்வதாயின், சக்தி 2,475 ஜூல் மட்டுமே. ஆயினும் சட்டத்திற்குப் போதும்.

சக்தி குறைந்தது தேறவும் மிகுந்தது தவறவும் காரணம் யாதெனில், மூஸின் மார்பு அகன்றது, தோள் எலும்பு பருத்தது. குண்டு இவற்றைக் கடந்து நுரையீரலையும் இருதயத்தையும் அடைய வேண்டும். கனத்த கடப்பாரை மெதுவாக விழுந்தாலும் மண்ணில் ஆழ இறங்கும். சுள்ளியை எத்தனை வேகமாகக் குத்தினும் இறங்காது. ஒரே பருமனுள்ள குண்டுகளில் நீண்டு கனத்ததே ஆழச் செல்லும் இயல்புடையது.

அப்படியாயின் மிகப் பெரிய தோட்டாவே மேலானதன்றோ என்று சிலர் வாதிப்பர். 1905-இல் பெர்லின் நகரத்துத் துப்பாக்கி செய்வோரான ஆட்டோ போக் என்பவர் இயற்றிய 9.3×62 தோட்டாவில் 18.5 கிராம் குண்டு வைப்பதுண்டு. அது குழல்வாயை விட்டு 720 மீட்டர் வேகத்திற் புறப்பட்டால் 4,800 ஜூலை எட்டும். மூஸுக்கு அது தாராளமானதே. ஆனால் குண்டு கனக்கும் அளவுக்குத் தோளில் விழும் உதையும் கடுமையாகும். உதைக்கு அஞ்சுகிறவன் விசையை இழுக்கும் கணத்திலேயே கண்ணை மூடித் துப்பாக்கியை அசைத்துவிடுவான். குண்டு நுரையீரலை விட்டுக் குடலிற் பாயும். வருஷத்தில் ஒரு வாரமே வேட்டைக்குப் போகும் குடியானவனுக்கு, சட்ட அளவைத் தாண்டியதும் தன் தோள் பொறுக்கத்தக்கதுமான தோட்டாவே ஏற்றது. பெருந்தோட்டாவை வாங்கிப் பெருமை பேசுவோர் பலர்; அதைக்கொண்டு பழகுவோர் சிலரே.

1985 முதல் அங்கே புதிதாக வேட்டைத் துப்பாக்கி பெற விரும்புவோர் பரீட்சையில் தேற வேண்டும். பழகுவதற்கு 80 மீட்டர் தூரத்தில் மூஸ் உருவப் பலகையை நிறுத்தியும் ஓடவிட்டும் சுடுகின்றனர். உண்மை வேட்டையில் நுரையீரலிற் பட்ட மூஸ் உடனே விழாமல், ஒன்றும் நேராதது போலச் சிறிது தூரம் நடந்து பின் சாய்வதும் உண்டு. ஆகையால் தவறிவிட்டதென்று கைவிடாது, நின்ற இடத்தில் இரத்தமும் மயிரும் உளவா எனத் தேட வேண்டும். காயம்பட்ட மிருகத்தை மோப்பம் பிடித்துச் செல்லப் பழகிய நாய் இரண்டு மணி நேரத்திற்குள் வந்து சேரும்படி ஏற்பாடு செய்துகொண்ட பின்னரே மூஸ் வேட்டைக்குப் புறப்படலாமென்பது அங்குள்ள விதி.