பெட்டியில் ஏன் இடைவெளி?

உறைய வைத்த மீன் விமானமேறி வெளிநாடு செல்கிறது. அது −18° செ. அல்லது அதற்கும் கீழான வெப்பநிலையில் இருக்கவேண்டும். சாதாரணப் பனிக்கட்டி 0° செ.-இல் உருகுவது, இங்கே அது போதாது. ஆகவே உலர் பனிக்கட்டியை, அதாவது திண்மக் கரியமில வாயுவை வைக்கிறார்கள். அது −78.5° செ.-இல், திரவமாகாமல் நேரே வாயுவாகிறது. இதுவே பதங்கமாதல். தண்ணீர் சொட்டாது, பெட்டியும் நனையாது.

அப்படியானால் பெட்டியை இறுக மூடிவிடலாமா? கூடாது! கணக்கிட்டுப் பாருங்கள். 44 கிராம் கரியமில வாயு, 0° செ.-இல், இயல்பான காற்றழுத்தத்தில் 22.4 லிட்டர் இடத்தை அடைக்கும். எனவே 1 கிலோகிராம் உலர் பனிக்கட்டி ஏறத்தாழ 510 லிட்டர் வாயுவாகும்! வழியில்லாவிட்டால் பெட்டி வெடித்துவிடலாம். அதனால்தான் வாயு வெளியேறப் பெட்டியில் இடைவெளி விடுகிறார்கள்.

வெளியேறும் வாயு காற்றைவிடக் கனமானது. சரக்கு அறையின் அடியில் தேங்கும். அங்கே கூண்டில் நாயோ கோழிக்குஞ்சுகளோ இருந்தால் மூச்சுத் திணறும். ஆகையால் பெட்டிதோறும் உலர் பனிக்கட்டியின் எடையை எழுதவேண்டும் என்பது விதி. அந்த எடைகளைக் கூட்டிப் பார்த்தே, ஒரு விமானத்தில் எவ்வளவு ஏற்றலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

உங்களுக்கு உலர் பனிக்கட்டி கிடைத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். சீசாவில் அடைத்து மூடவும் செய்யாதீர்கள். ஏன் மூடக்கூடாது என்பதை இனி நீங்களே பிறருக்குச் சொல்லலாம்!