லெஃபானு யார் வீட்டுப் பெயர்?

கேள்வி: 1883இல் வெளியான சேலம் மாவட்ட மேனுவலை எழுதியவர் எச். லெஃபானு. ‘கார்மில்லா’ பேய்க்கதை எழுதிய அயர்லாந்துக்காரரும் லெஃபானுதான். அங்கே இது பரவலான குடும்பப் பெயரா?
– வாசகர், சேலம்

பதில்: இல்லை, மிக அரிய பெயர். கூர்ந்து கவனித்திருக்கிறீர்கள்! அதன் வேர் பிரான்சில், நார்மண்டியின் கான் நகரத்தில் இருக்கிறது. புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்த நான்ட் ஆணையை 1685இல் பதினான்காம் லூயி ரத்து செய்தார். ஹியூகனாட்டுகள் எனப்பட்ட அம்மக்கள் பெருந்திரளாக நாட்டைவிட்டு வெளியேறினார்கள். லெஃபானு குடும்பமும் அந்த வழியில் வந்து டப்ளினில் நிலைத்ததுதான். ‘கார்மில்லா’ ஆசிரியர் 1814இல் பிறந்தது அங்கேதான்.

மர்ஃபி, கெல்லி போன்ற பெயர்கள் அயர்லாந்தின் பல பகுதிகளில் தனித்தனியே தோன்றியதால் பெருகின. லெஃபானு ஒரே குடும்பத்தின் சொத்து, அதனால்தான் அரிது.

மேலும் தேட, அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். பெயரைச் சேர்த்து எழுதியும் பிரித்து எழுதியும் தேடுங்கள். அரிய பெயர் என்பதால் உங்கள் வேலை சுலபம்!