பழைய கம்ப்ரசர் வாங்கப் போகும் மாப்பிள்ளைக்கு



உன் கடிதம் கிடைத்தது. 2 எச்.பி. கம்ப்ரசர், 160 லிட்டர் டேங்க், 12,000 ரூபாய்க்குத் தருகிறார்கள், "சின்ன ரிப்பேர்தான் மாமா" என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவு சின்ன ரிப்பேர் என்றால் விற்கிறவரே அதை முடித்துவிட்டு ஐயாயிரம் கூட்டி விற்றிருப்பாரே, ஏன் செய்யவில்லை என்று கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். மிஷினைப் பார்த்தாலே உனக்கு மனசு இளகிவிடும். அனுப்பிய போட்டோவெல்லாம் மோட்டாரும் பெல்ட்டும்தான். டேங்க்கின் அடிப்பக்கத்தைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை.

பார்க்க வேண்டியது அங்கேதான். மோட்டாரை ரீவைண்டிங் பண்ணலாம், பிஸ்டன் ரிங் மாற்றலாம், பெல்ட் மாற்றலாம். டேங்க் போனால் எல்லாம் போச்சு. காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி டேங்க்கின் அடியில் தங்கும். தினமும் கீழே உள்ள வால்வைத் திறந்து வடிக்க வேண்டும். எத்தனை கடையில் செய்கிறார்கள் என்று உனக்கே தெரியும். உள்ளே துரு அரித்துக்கொண்டே இருக்கும், வெளியே பெயின்ட் பளபளக்கும்.

ஆகையால் சட்டை அழுக்கானாலும் பரவாயில்லை, தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார். காற்றையெல்லாம் இறக்கிவிட்டு அந்த வால்வைத் திற. கொஞ்சம் எண்ணெய் கலந்த தண்ணீர் வந்தால் பயமில்லை. காப்பி நிறத்தில், துருச் செதில் மிதக்கும் தண்ணீர் வந்தால் மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பு. தண்ணீரே வராமல் வால்வு அடைத்திருந்தால் அது இன்னும் மோசம். பிறகு காலி டேங்க்கின் அடியை ஸ்பேனரால் மெல்லத் தட்டிக்கொண்டே போ. கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் அந்த இடத்தில் சந்தேகம் வை. அடியில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் நகத்தால் சுரண்டிப் பார், கீழே வெல்டிங் தழும்பு இருக்கலாம்.

"சின்னப் பொத்தல்தானே, வெல்டிங் வைத்துக்கொண்டால் ஆச்சு" என்பாய். சொல்லாதே. ஓர் இடத்தில் பொத்தல் விழுந்தால் சுற்றியுள்ள தகடும் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். 10 கிலோ பிரஷர் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 10 கிலோ. உன் உள்ளங்கை அளவு தகட்டின்மேல் ஏறக்குறைய ஒரு டன். அதனால்தான் டேங்க்கைச் சோதிக்கும்போது காற்றுக்குப் பதில் தண்ணீரை நிரப்பி, வேலைப் பிரஷரைப்போல் ஒன்றரை மடங்கு வரை ஏற்றுவார்கள். தண்ணீர் என்றால் டேங்க் விரிசல் விட்டாலும் பீறிட்டுவிட்டு அடங்கிவிடும். அழுத்திய காற்று தகட்டையே பிய்த்து எறியும். 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம் 31ஆம் பிரிவில் அழுத்தத்தில் இயங்கும் சாதனங்களுக்கென்றே பாதுகாப்பு விதி வைத்திருந்தது. உன் ஒற்றை ஷட்டர் கடை தொழிற்சாலை இல்லை, இன்ஸ்பெக்டர் வரமாட்டார் என்று சிரிக்காதே. டேங்க்குக்கு அதெல்லாம் தெரியாது.

டேங்க் தேறிவிட்டதா? இனி ஓட்டிப் பார்க்கலாம். நீ போவதற்குள் காற்று நிரப்பி, மிஷினைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். "பாருங்க, பத்து கிலோ நிக்குது" என்பார்கள். தலையாட்டாதே. ஆறவிட்டு, சுத்தமாகக் காலி பண்ணி, மறுபடி போடச் சொல்லி கையில் கடிகாரத்தைப் பிடி. 160 லிட்டர் டேங்க்கில் 10 கிலோ ஏற்ற 1,600 லிட்டர் காற்று வேண்டும். பெயர்ப்பலகையில் நிமிடத்துக்கு 200 லிட்டர் என்று இருந்தால் நிஜத்தில் 140, 150தான் தேறும். ஆக 11, 12 நிமிடத்தில் ஏறிவிட வேண்டும். இருபது நிமிடம் ஆகியும் எட்டு கிலோவில் முக்கினால் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது. ஃபில்டர் வழியாகக் காற்று திரும்பி வந்தால் வால்வுதான். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று புகை வந்தால் ரிங்.

பிரஷர் ஏறி சுவிட்ச் கட் ஆனதும் ஒரு குட்டி 'புஸ்' கேட்கும். ஹெட்டில் தங்கிய காற்றை அன்லோடர் வெளியே விடும் சத்தம் அது, கேட்டால் நல்லது. நிற்காமல் சீறிக்கொண்டே இருந்தால், டேங்க் காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வு போய்விட்டது. புஸ்ஸே இல்லையென்றால் அன்லோடர் வேலை செய்யவில்லை, அடுத்த முறை பிஸ்டன்மேல் அழுத்தத்தோடே மோட்டார் கிளம்பத் திணறி 'ம்ம்ம்' என்று முனகும். இதைப் பார்த்துவிட்டு "மோட்டார் போச்சு" என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. சில நூறு ரூபாய் கெப்பாசிட்டரோ என்.ஆர்.வி.யோ மாற்றினால் ஓடிவிடும். உனக்கு லாபம் வருவதென்றால் இப்படிப்பட்ட இடத்தில்தான் வரும்.

ஆனால் என்னத்துக்கு வாங்குகிறாய்? பஞ்சருக்கு மட்டும் என்றால் இது தாராளம். பெயின்ட் வேலையும் சேர்த்து என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது. ஸ்ப்ரே கன் மாடலைப் பொறுத்து நிமிடத்துக்கு 150 முதல் 300 லிட்டர் வரை இழுக்கும், இந்த மிஷின் ஓய்வே இல்லாமல் ஓடும். தேய்ந்த ரிங் வழியாக எண்ணெய் காற்றோடு வந்து, அடித்த பெயின்டில் வட்டவட்டமாகக் குழி விழும். வாடிக்கையாளரிடம் யார் பதில் சொல்வது?

இன்னொன்று, மோட்டார் த்ரீ ஃபேஸா என்று பார். உன் கடையில் சிங்கிள் ஃபேஸ்தான், மறந்துவிடாதே. என்ன கம்பெனி என்றும் எழுதவில்லை. கோயம்புத்தூர் எல்ஜி மாதிரி 1960லிருந்து இருக்கிற கம்பெனி என்றால் ரிங், வால்வு, கேஸ்கெட் எல்லாம் கிடைக்கும் (டி.வி. செய்கிற எல்.ஜி. இல்லை, சிரிக்காதே). பெயர்ப்பலகையே பிடுங்கப்பட்ட மிஷினுக்கு ஸ்பேர் தேடி அலைவது உன் தலைவிதி.

கணக்கு எளிது. மெக்கானிக் சொல்லும் ரிப்பேர் செலவை இரட்டிப்பாக்கி 12,000த்தோடு கூட்டு. புது மிஷின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடு. டேங்க்கில் சந்தேகம் வந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சனிக்கிழமை பார்க்கப் போகும்போது டார்ச், ஸ்பேனர், கடிகாரம் மூன்றும் எடுத்துக்கொள். பணத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.

அன்புடன்,
மாமா