இரண்டு தள்ளுபடிகள், இரண்டு சமன்பாடுகள்

கேள்வி: ஒரு சேலை, ஒரு வேட்டி இரண்டின் குறித்த விலை சேர்ந்து 2,000 ரூபாய். சேலைக்கு 20%, வேட்டிக்கு 10% தள்ளுபடி போகச் செலுத்திய தொகை 1,660 ரூபாய். தனித்தனி விலையை எப்படிக் காண்பது?

பதில்: தெரியாத இரண்டு விலைகளைச் சேலைக்கு x, வேட்டிக்கு y எனக் கொண்டால், மொத்த விலை x + y = 2,000 என்றும், குறைந்த தொகையான 340 ரூபாய் 0.20x + 0.10y = 340 என்றும் இரண்டு சமன்பாடுகளாகும்; இரண்டையும் ஒருசேர நிறைவு செய்யும் மதிப்புகளைத் தேடுவதால் இவை ஒருங்கமை நேரிய சமன்பாடுகள் எனப்படுகின்றன. இரண்டாவதைப் பத்தால் பெருக்கினால் 2x + y = 3,400 என்றாகி, அதிலிருந்து முதலாவதைக் கழிக்கையில் y மறைந்து x = 1,400 எனக் கிடைக்கிறது; இதுவே நீக்கல் முறை. வேட்டியின் விலை 600 ரூபாய்.

மாணவர் பலரும் இடறுவது கணக்கிடுவதில் அன்று, சதவீதத்தின் அடிமானத்தில்தான். 20%, 10% இரண்டின் சராசரி 15% என்று கொண்டால் தள்ளுபடி 300 ரூபாய்தான் வரும். சதவீதம் என்பது ஏதேனும் ஒரு தொகையின் நூற்றில் பங்கே என்பதால், அடிமானத் தொகைகள் சமமாக இல்லாதபோது அத்தகைய சராசரி செல்லாது. உண்மையான மொத்தத் தள்ளுபடி 17%. அது 10இலிருந்து 7உம், 20இலிருந்து 3உம் விலகி நிற்கிறது, சேலை, வேட்டி விலைகளின் விகிதமும் அதே 7 : 3 என்பது இக்கணக்கின் மிக அழகான பகுதி. விடையைச் சரிபார்க்க, 1,400இல் 20% ஆகிய 280ஐயும் 600இல் 10% ஆகிய 60ஐயும் கூட்டினால் 340 வருகிறது.