கடற்கரை மணலும் செடித் தொட்டியும்

செடிகளை நட்டு வளர்க்கும் நன்னீர் மீன் தொட்டியின் அடியில் பரப்பப்படும் மண், மணல், கல் ஆகியவற்றின் அடுக்கு கடைகளில் சப்ஸ்ட்ரேட் என்று வழங்கப்படுகிறது. இங்கு அதை அடிமண் என்று குறிப்பிடலாம். மீன்களை மட்டும் வைக்கும் தொட்டியில் இந்த அடுக்கு பெரும்பாலும் பார்வைக்காகவே இருக்கிறது. செடித் தொட்டியில் அது வேர் பிடிக்கும் இடமாகவும், சத்துகளைத் தேக்கி வைக்கும் கிடங்காகவும், மீன் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களின் உறைவிடமாகவும் இருப்பதோடு, மேலே நிற்கும் தண்ணீரின் வேதித்தன்மையையும் ஓயாமல் மாற்றிக்கொண்டிருக்கிறது. இந்தக் கடைசிச் செயலைத்தான் கடலூரிலும் சிதம்பரத்திலும் தொட்டி வைப்பவர்களில் பலர் கணக்கில் எடுப்பதில்லை. விளக்கையும் ஃபில்டரையும் கரியமிலவாயு உருளையையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அடிமண்ணை மாற்றத் தொட்டியையே கலைக்க வேண்டியிருப்பதால், செடியும் மீனும் வாங்குவதற்கு முன்பே இதைத் தீர யோசித்துவிடுவது நல்லது.

கடலூரில் தொட்டி வைக்க முனைபவருக்கு முதலில் நினைவுக்கு வருவது தேவனாம்பட்டினம் கடற்கரையின் மணல். நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசினால் உப்புப் போய்விடும் என்று சொல்லித்தர ஆளுக்குக் குறைவில்லை. கடற்கரையில் மணல் எடுப்பது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி தடைசெய்யப்பட்டது என்பது ஒருபுறம் இருக்க, அந்த அறிவுரையில் பாதிதான் உண்மை. சோற்றுப்பு எனப்படும் சோடியம் குளோரைடு நீரில் எளிதில் கரைவதால் அலசும்போதே நீங்கிவிடுகிறது. ஆனால் மணலோடு கலந்து கிடக்கும் கிளிஞ்சல் துணுக்குகள் எத்தனை முறை அலசினாலும் அங்கேயே இருக்கின்றன. உலர்ந்த மணலில் ஒரு பிடியைக் கறுப்புத் தாளின்மேல் பரப்பி உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் மணிகளுக்கும் கருமணல் துகள்களுக்கும் நடுவே, வளைந்த விளிம்பும் மெல்லிய வரிகளும் கொண்ட வெண்ணிறச் சில்லுகள் தென்படும். அவை சிப்பியும் சங்கும் நத்தையும் உடைந்த தூள். வேதியியல் நோக்கில் பார்த்தால் கால்சியம் கார்பனேட், அதாவது கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குபவர்கள் சூளையில் இடும் அதே மூலப்பொருள்.

கடற்கரைக்குப் போகாமலும் இதே பொருள் வீட்டுக்குள் வந்து சேர்வதுண்டு. வெள்ளை மணல், பவளச் சில்லு, மார்பிள் சிப்ஸ் என்ற பெயர்களில் மூட்டையில் விற்கப்படுபவை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. இதை எழுதுபவரின் தொட்டிக்கு, செடிக்கு மிகவும் ஏற்றது என்ற உறுதியுடன் ஒரு கடையில் விற்கப்பட்டதும் இத்தகைய வெள்ளை மணல்தான். செடிகள் நலியத் தொடங்கியபோது அதே கடை திரவ இரும்புச் சத்தையும், அதன் பிறகு நீரின் அமில காரத்தன்மையின் அளவான பிஎச் மதிப்பைக் குறைக்கும் மருந்தையும் விற்றது. மூன்றுக்கும் பணம் கொடுத்த பிறகும் கோளாறு மணலில் இருக்கிறது என்று அங்கே எவரும் சொல்லவில்லை. விற்பவருக்குத் தெரியவில்லை என்றே நல்லெண்ணத்துடன் எடுத்துக்கொண்டாலும், உயிருள்ள பொருளுக்கான மண்ணை விற்பவர் அதன்மேல் ஒரு சொட்டு வினிகரை விட்டு, சுண்ணாம்பு நுரைக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது.

கால்சியம் கார்பனேட் தூய நீரில் மிகக் குறைவாகவே கரையும். ஆனால் மீன்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதாலும், செடிக்காக உருளையிலிருந்து செலுத்துவதாலும் நீரில் கரியமிலவாயு சேரும்போது, அது கார்பானிக் அமிலமாகிக் கிளிஞ்சலைத் தாக்கி, கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. இதனால் நீரின் கடினத்தன்மையும் பிஎச் மதிப்பும் ஒருங்கே உயர்கின்றன; பிஎச் எட்டுக்கு மேல்கூடப் போய் நிற்கலாம். செடிக்கு உதவும் என்று செலுத்தும் வாயுவே கிளிஞ்சலைக் கரைக்கச் செலவாகிறது. பிஎச் உயர்ந்த நீரில் இரும்பு கரையாத துருவாகப் படிந்துவிடுவதால், உரமாக ஊற்றும் இரும்பும் வேருக்கோ இலைக்கோ எட்டுவதில்லை. புதிதாக வரும் இலைகள் வெளிறி மஞ்சளாகவும் நரம்புகள் மட்டும் பச்சையாகவும் இருப்பது இதன் முதல் அடையாளம். நாடா போன்ற நீண்ட இலையுடைய வாலிஸ்னேரியாவில் வேறோர் அடையாளம் உண்டு: இலையை இரு விரல்களுக்கு நடுவே வைத்து மெல்ல இழுத்தால், பட்டாக இருக்க வேண்டிய பரப்பு பொடிமணல் ஒட்டியதுபோல் சொரசொரக்கும். அந்தச் செடி கரியமிலவாயு கிடைக்காதபோது பைகார்பனேட்டிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக்கொள்வதால், மிஞ்சிய சுண்ணாம்பு இலையின்மேல் படிகிறது. மீன்களுக்கும் கேடுண்டு. அவற்றின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் நச்சு வடிவம் பிஎச் 7 ஆக இருக்கும்போது நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க, இப்பகுதியின் வெப்பநிலையில் பிஎச் 8 ஆகும்போது ஆறேழு பங்காகிவிடுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஆழ்துளைக் கிணற்று நீரே கடினமாக இருக்கும் தெருவில், மணலில் இருக்கும் கிளிஞ்சல் புதிதாக என்ன கெடுத்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைந்த நீரில் கிளிஞ்சல் அதிகம் கரையாது என்பது சரிதான். ஆனால் அந்த நீரோடு மல்லுக்கட்டி அலுத்தவர் அடுத்துச் செய்வது என்ன? ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது மொட்டை மாடித் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைக்கிறார், அல்லது ஆர்ஓ இயந்திரத்தின் நீரைச் சேமித்து ஊற்றுகிறார். இந்த மென்னீர்தான் கிளிஞ்சலை வேகமாகக் கரைப்பது. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த மழைநீர் சில நாளில் மறுபடி கடினநீராகிவிடும்போது, நீரில்தான் ஏதோ குறை என்று எண்ணி மேலும் மழைநீரை ஊற்றுகிறார். மணல் மேலும் கரைகிறது. இவ்வளவு செலவும் அலைச்சலும் தொட்டியின் அடியில் கிடக்கும் சில கிலோ மணலால் வருபவை. இதை எழுதுபவரின் தொட்டியில் ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்த நீர் வீணானது இந்த வகையில்தான்.

இதைத் தவிர்க்கும் சோதனை மிக எளியது. எந்த மணலையும் வாங்குமுன் ஒரு கைப்பிடி எடுத்து வந்து, கண்ணாடி டம்ளரில் இட்டு, மூழ்கும்வரை வினிகரை ஊற்றிக் காதருகே வைத்துக் கேட்டால், சுண்ணாம்பு கலந்திருக்கும்போது நுரைக்கும் ஓசை கேட்கும். மணிகளின்மேல் குமிழிகள் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். எலுமிச்சைச் சாறும் இதைக் காட்டும், ஆனால் மந்தமாக. ஐயம் தீராதபோது மணலை மழைநீரில் ஒரு வாரம் ஊறவைத்து, ஊறுவதற்கு முன்னும் பின்னும் கடினத்தன்மையை அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நம்பகமானது.

சிதம்பரத்தின் நிலை சற்று வேறு. கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட கழனிகளின் கரிய களிமண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் மிகுதி. மண் துகள்கள் தம் பரப்பில் சத்து அயனிகளைப் பிடித்து வைத்து வேருக்கு விட்டுக்கொடுக்கும் ஆற்றலை நேரயனிப் பரிமாற்றத் திறன் என்பர். 100 கிராம் மண்ணுக்கு இவ்வளவு மில்லிச்சமானம் என்று அளக்கப்படும் இத்திறன், மான்ட்மோரில்லோனைட்டுக்கு 80 முதல் 150 வரையும், செம்மண்ணில் மிகுந்த கயோலினைட்டுக்கு 3 முதல் 15 வரையும் இருக்கிறது. இந்த எண்களை மட்டும் பார்ப்பவர் வயல் மண்ணே சிறந்தது என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் அம்மண்ணில் சுக்கான் கல் எனப்படும் சுண்ணாம்பு முடிச்சுகள் கலந்திருப்பது வழக்கம்; அவை கிளிஞ்சல் செய்யும் அதே வேலையைச் செய்யும். உரமும் பூச்சிமருந்தும் ஏறிய மண் என்பது இன்னொரு தடை. அசைத்தால் நாள்கணக்கில் தெளியாத கலங்கல் மூன்றாவது. பிச்சாவரத்துச் சதுப்பு மண்ணை நாடுவதோ முற்றிலும் தவறு. அது பாதுகாக்கப்பட்ட காடு என்பதோடு, அலையாத்தி மண்ணில் உள்ள இரும்பு சல்பைடு உலர்ந்து காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாக மாறக்கூடியது.

மேற்கொள்ளத்தக்கது, கடலூர் கேப்பர் மலையிலும் பண்ருட்டியின் முந்திரி, பலாத் தோப்புகளிலும் காணப்படும் செம்மண்ணே. புவியியலாளர் கடலூர் மணற்கல் என்று பெயரிட்ட படிவத்தின்மேல் காலங்காலமாக மழை அரித்து உருவான இம்மண்ணில், கரையக்கூடிய சுண்ணாம்பு நீங்கி இரும்பு ஆக்சைடு எஞ்சியிருக்கிறது. சத்துக் குறைந்த மண் என்று இதை இகழ்பவர்கள், நீருக்கடியில் அது நடந்துகொள்ளும் விதத்தைப் பார்ப்பதில்லை. காற்று எட்டாத அடியடுக்கில் துருவாக இருக்கும் இரும்பு, நுண்ணுயிர்களின் செயலால் கரையும் வடிவத்துக்கு மாறி வேருக்குக் கிடைக்கிறது. அதே இரும்பு பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்வதால் பாசிக்குக் கிடைக்கும் உணவும் குறைகிறது. நெற்பயிரைப் பிடுங்கினால் வேரில் செந்துரு ஒட்டியிருப்பதை உழவர் அறிவர். வேர் உள்ளிருந்து கசியவிடும் ஆக்சிஜனே அந்தத் துருவை உண்டாக்குகிறது. தொட்டியில் செழித்து வேரூன்றிய கிரிப்டோகோரைன் செடியின் வேரிலும் அதே செந்நிறத்தைக் காணலாம்.

வீடு கட்டவோ கிணறு வெட்டவோ தோண்டிய இடத்தில் கிடைக்கும் செம்மண்ணைச் சல்லடையில் சலித்து, பத்தில் ஒரு பங்கு நன்கு மக்கிய இலைமட்கு சேர்த்து, மொட்டை மாடியில் நனைத்துக் காயவைப்பதை நாலைந்து முறை செய்தால், அழுகக்கூடியவை அங்கேயே அழுகித் தீரும். தொழுவுரமும் மண்புழு உரமும் இதில் சேரக்கூடாது. இம்மண்ணை இரண்டரை சென்டிமீட்டருக்கு மிகாமல் பரப்பி, ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள ஆற்று மணலால் மூன்று சென்டிமீட்டருக்கு மூட வேண்டும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள தொட்டிக்கு ஏறத்தாழ பத்து லிட்டர், அதாவது பதினாறு கிலோ அளவில் பொருள் போதும். எம்-சாண்ட் சுண்ணாம்பற்றதுதான், ஆனால் அதன் கூரிய முனைகள் அடியில் மேயும் மீன்களின் மீசையைத் தேய்த்துவிடும்.

மண்ணை மணலால் மூடும் இம்முறையை உலகெங்கும் பரவச் செய்தவர், நன்னீர்ச் செடித் தொட்டியின் சூழலியலைப் பற்றி 1999இல் நூல் வெளியிட்ட அமெரிக்கர் டயானா வால்ஸ்டாட். மறுதுருவத்தில் நிற்பவர் ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015). அவருடைய நிறுவனம் மண்ணை உருண்டைகளாக்கி ஆக்வா சாயில் என்ற பெயரில் விற்று, அழகிய தொட்டிகளுக்கு அதுவே இலக்கணம் என்று ஆக்கியது. அந்த உருண்டைகள் நீரின் பைகார்பனேட்டை உறிஞ்சி பிஎச்சைக் குறைப்பவை என்பதும், அவற்றில் வளரும் செடிகள் அழகு என்பதும் உண்மை. ஜப்பானின் குழாய் நீர் பொதுவாக மென்மையானது. அங்கே அந்த உறிஞ்சும் ஆற்றல் நெடுநாள் நிற்கிறது. கடற்கரையோரக் கிணற்று நீரை வாராவாரம் மாற்றும் தொட்டியில் அது விரைவில் தீர்ந்துபோய், விலையுயர்ந்த உருண்டைகள் வெறும் மண்ணுருண்டைகளாக மிஞ்சுகின்றன. மேலும் அவை முதல் சில வாரங்கள் அம்மோனியாவைக் கசியவிடுவதால், கடின நீரில் உடனே மீன் விடுவது கொலைக்குச் சமம். சென்னையில் உள்ள கொளத்தூரின் மீன் கடைகள் வரை போய் இந்த உருண்டை மூட்டையைச் சுமந்து வருவது மழைநீரையோ ஆர்ஓ நீரையோ மட்டுமே பயன்படுத்துபவருக்குப் பொருந்தும். மற்றவருக்கு அந்தச் செலவு வீண்.

அடுக்கின் கனத்தை மேலே சொன்ன அளவோடு நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். இங்கே கோடையில் தொட்டி எளிதாக எட்டும் 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைகிறது, சிதைவின் வேகமோ கூடுகிறது. கனத்த மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும், கடல்நீர் ஊடுருவிய கிணற்று நீரோடு வரும் சல்பேட், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடாகி வேரைக் கறுப்பாக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்தில் மின்கம்பங்கள் விழுந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய நாள்களில் ஃபில்டர் நின்ற தொட்டியைக் காப்பது மெல்லிய அடுக்கும் அடர்ந்த செடிகளும்தான். பத்து சென்டிமீட்டருக்கு மண்ணைக் குவித்து மலைச்சரிவு அமைப்பவர்கள் இந்தக் கரையின் புயலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கிளிஞ்சல் மணலை ஏற்கெனவே பரப்பிவிட்டவருக்கு இரண்டு வழிகள் உண்டு. கடின நீரைப் பொறுக்கும் வாலிஸ்னேரியா, வேரே இல்லாத செரடோபில்லம், கட்டையில் கட்டி வளர்க்கும் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகியவற்றோடு நிறைவுகொள்வது ஒன்று. சிவந்த ரொட்டாலா மக்ராண்ட்ராவுக்கு ஆசைப்படாதவரை இது குறையுள்ள வழியன்று. மணலை எடுத்துவிடுவது மற்றொன்று. அதை ஒரேயடியாக அள்ளினால் நுண்ணுயிர்களும் கழிவும் சேர்ந்து கலங்கும் என்பதால், நீர் மாற்றும்போதெல்லாம் அகன்ற குழாயால் மூன்றில் ஒரு பகுதியாக உறிஞ்சி எடுப்பதே தக்கது. மீன்கள் நீண்ட நாள் உயர்ந்த பிஎச்சுக்குப் பழகியிருப்பதால், எடுத்த மணலில் இரண்டு கைப்பிடியை வலைத்துணியில் முடிந்து ஃபில்டரில் வைத்து, வாரம் ஒருமுறை அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து, முடிச்சு காலியான பிறகே செம்மண் அடுக்கை இடத் தொடங்க வேண்டும்.